சிதம்பரநாதன் சாரின் தெற்குப் பயணம்

மந்தைவெளியில் நான் குடியிருந்த வீட்டின் வடக்குப் போர்ஷனில் சிதம்பரநாதன் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்கு எரிச்சல் மூண்டுவிடுகிறது. அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களுக்கு அவர் மேல் பரிதாபம் வந்தால் அது அவர்கள் பாடு. எனக்கு வரவில்லை.

தி. நகரில் ஒரு டுடோரியல் காலேஜில் அவர் சரித்திர வாத்தியார். பி.ஏ. பெயிலான பையன்களுக்கு ரோமாபுரி ராஜ்யத்தைக் கரைத்துப் புகட்டுவது வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இளவயதில் ரயிலேறிப் பட்டணம் வந்தவர், எழும்பூரில் இறங்கியதோடு சரி. அப்புறம் தி. நகர் பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. அதிலும் கண்டக்டருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஆழ்வார்பேட்டையில் சிநேகிதர் ஒருவர் வீடு கட்டிக் கிருகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது, அந்த முனையில் ரோடு தாண்டுவது ஆபத்து என்று போகாமல் இருந்துவிட்ட மகானுபாவர். டுடோரியல் பையன்கள் பாலவாக்கம் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். அது செங்கல்பட்டு ஜில்லா ஆயிற்றே, ஜில்லா விட்டு ஜில்லா போவானேன் என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் மட்டும் மனிதர் நடக்கிற தூரம் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரானால் ரோமர்கள் ரோடு போட்ட கதை தொடங்கிவிடும். எப்படிப் பள்ளம் தோண்டினான், எப்படிச் சரளை கொட்டினான், மேலே கல்லைக் கத்தி நுழையாதபடி எப்படிப் பொருத்தினான், ஆயிரம் தப்படிக்கு ஒரு கல்தூணாக எப்படி நட்டான் என்று காற்றிலே கையால் ரோடு போட்டுக் காட்டுவார். சத்திரத்து மூட்டைப்பூச்சி, தண்ணீர் கலந்த ஒயின், மலைக் கணவாயில் கொள்ளைக்காரன், எல்லாவற்றையும் நேரில் பட்டவர் மாதிரி சொல்லி முதுகைச் சொறிந்துகொள்வார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவள். நாளெல்லாம் பம்பாயையும் டில்லியையும் தூத்துக்குடியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காக டில்லித் தெருக்களைப் பற்றி யாருக்கும் பிரசங்கம் பண்ணக் கிளம்பவில்லை.

அவருடைய மனைவி சண்முகவடிவு. நான் வடிவக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அம்மாள் இவரைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டார் என்று கேட்காதீர்கள். கபாலீஸ்வரர் கோயிலைத் தவிர வடிவக்கா பார்த்த இடம் கிடையாது. ஒரே மகள் முத்துலட்சுமி. அவளைத் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணம்கூடப் பட்டணத்தில்தான் நடந்தது. தூத்துக்குடிக்காரர்கள்தான் ஒரு பெட்டி நிறைய ஆட்களோடு ரயிலேறி வந்தார்கள். இவர் மாம்பலத்துச் சத்திரம் வரைக்கும் போய் வந்ததற்கே நாலு நாள் கால் வலி என்றார்.

எழுபத்திரண்டாம் வருஷம் சாந்தோம் பக்கமெல்லாம் தோமையார் விழா என்று ஒரே சுறுசுறுப்பு. கடலோரக் குப்பம் ஒன்றில் மீனவ வாலிபர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். அப்போஸ்தலர்கள் எப்படியெல்லாம் ஊர் ஊராகப் போனார்கள் என்று யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்ற, டுடோரியலில் படித்த ஒருவன் சார் பேரைச் சொல்லிவிட்டான். நெற்றி நிறையத் திருநீறு பூசின சைவப்பிள்ளை போய்ச் சின்னப்பரைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் யோசிக்கவில்லை. பவுல் என்று இவர் சொல்லுகிற ஆளைத்தான் அந்தக் குப்பத்துக் கத்தோலிக்க ஜனங்கள் சின்னப்பர் என்பார்கள். ஞாயிறு தோறும் சாயங்காலம், சங்கத்துக் கொட்டகையில், சுவரில் ஒரு மேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு சார் கிளம்பிவிடுவார். குப்பம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அவ்வளவு தூரம் போக அவருக்குத் தைரியம் இருந்தது.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், நன்றாகப் பேசுவார். எனக்கு வீட்டு வாசலில் மீன் கொடுக்கிற செபஸ்தியம்மாதான் என்னையும் இழுத்துப் போனாள். துரோவாவில் கப்பலேறி, மக்கெதோனியாவில் இறங்கி, எக்னாஷியா என்று ரோமர்கள் போட்ட ரோட்டில் ஊர் ஊராக நடந்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், மறுபடி எழுந்து நடந்து என்று சார் குச்சியை நகர்த்த நகர்த்த, மீன் கூடைக்காரப் பெண்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். சத்திரங்களில் அயோக்கியத்தனம் மிகுந்திருந்ததால் கிறிஸ்தவர்கள் சத்திரத்தில் தங்காமல் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக்கொண்டார்கள், முன்பின் தெரியாதவனுக்கும் கதவைத் திறந்தார்கள் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவார். ரசத்தில் உப்புக் கம்மி என்று வடிவக்காவிடம் எரிந்து விழுவார். சுவர் ஒன்றுதானே, எனக்கு எல்லாம் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் முத்துலட்சுமி உண்டானாள் என்று தூத்துக்குடியிலிருந்து செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து முறை. ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் வளையலும் புடவையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். அப்பன் வாசலில் நின்று, "எம் பிள்ளைய அனுப்பி வைங்க" என்று வாயால் கேட்க வேண்டும். அப்போதுதான் அனுப்புவார்கள். வேறு யார் போய்க் கூப்பிட்டாலும் செல்லாது. அந்த மாமியார்க்காரி இதில் ரொம்பக் கறார். கல்யாணத்துக்குத்தான் நாங்கள் பட்டணம் வந்தோம், இதற்காவது அந்த மனுஷன் எங்கள் வாசலை மிதிக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஆறு முடியப் போகுது வசந்தி," என்றார் வடிவக்கா ஒருநாள், முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டே. "அந்த வீட்ல அவளுக்கு ஒரு வாய் பிடிச்சதப் பண்ணிப்போட ஆள் கெடையாது. உப்பளத்து ஆளுகளுக்குப் பொங்கிப் போட்டே கை ஓஞ்சு கெடக்காளாம். எங்கிட்ட வந்துட்டான்னா பிழைச்சுக்கிடுவா. அவுக எப்பக் கெளம்புதாகளோ தெரியல."

"டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வச்சாச்சுன்னாரே சார்."

"பணம் எடுத்து வச்சாச்சு. நாளுதான் அமையலையாம்."

நாள் எப்படி அமையும்? வியாழக்கிழமை தெற்கே சூலம், ஆகாது. வெள்ளிக்கிழமை பெண்ணை வீட்டை விட்டு அழைத்து வரக்கூடாது. சனிக்கிழமை அவர் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். திங்கட்கிழமை கிளம்பலாம் என்று செருப்பை மாட்டினால் பல்லி சொல்லிவிடும். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு அந்த வருஷம் தொண்டை கட்டியிருக்கும், அவ்வளவு உழைத்தன.

கடைசியில் ஒரு புதன்கிழமை காலை பச்சை நிற டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கூடத்தின் நடுவில் வைத்தார்.

"என்ன சார் இது?" என்றேன்.

"பரஸ்தானம்மா. இன்னைக்கு நேரம் அபாரமா இருக்கு, ஆனா டுடோரியல்ல லீவு கெடைக்கல. நல்ல நேரத்துல பெட்டி வீட்ட விட்டுக் கெளம்பிட்டா, நாமளே கெளம்பின மாதிரிதான். போற தெசையில இருக்கிற வீட்ல கொண்டுபோய் வைக்கணும். உங்க போர்ஷன்தானே தெக்கே இருக்கு."

பரஸ்தானம் எங்கள் பக்கத்திலும் உண்டு, நான் கேள்விப்படாதது அல்ல. நல்ல நேரத்தில் மூட்டையை அனுப்பிவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தரம் வெளியே போன பெட்டி பயணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது. அதற்குக் கெடுவும் உண்டு. கெடுவுக்குள் கிளம்பாவிட்டால் பெட்டியை அதே திசையில் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் புதுப்பிக்கலாம் என்று சார் எங்கேயோ படித்திருந்தார், அல்லது அவரே கண்டுபிடித்தார். எது எப்படியோ, சௌகரியமான சாஸ்திரம்.

பெட்டி நகர ஆரம்பித்தது. கூடத்திலிருந்து உள் அறைக்கு. உள் அறையில் கட்டிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். அங்கிருந்து சமையலறை வாசல். ஒவ்வொரு தடவையும் சார் குளித்து, திருநீறு பூசி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, பெட்டியைப் பிடித்து ஒரு முழம் தெற்கே இழுத்து வைத்துவிட்டு, "ஆச்சு" என்று ஒரு பெருமூச்சு விடுவார். மலையேறி இறங்கின களைப்பு தெரியும் முகத்தில். நான் அந்தப் பெட்டி மேல் ரேடியோவை வைத்துக்கொண்டேன்.

அப்பன்தான் வர வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் சொல்லாதிருந்தால் வடிவக்கா தனியாகவே போயிருப்பார், கையில் ஒரு துணிப் பையோடு. அவரும் கேட்டுத்தான் பார்த்தார். "பொம்பள தனியா போய் நின்னா எனக்கு என்ன மரியாத? நான் செத்தா போயிட்டேன்?" என்றார் சார். நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல நாக்குத் துடித்தது. வடிவக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

ஏழாம் மாதம் பாதி போனபோது நானே ஒரு காரியம் செய்தேன். சம்பந்தி வீட்டுக்குக் கீழே அவர்களுடைய உப்புக் கடை, அதில் போன் இருந்தது. தூத்துக்குடிக்குக் கால் புக் பண்ணி, பக்கத்துத் தெரு மருந்துக்கடைப் போனில் சாரை நிறுத்தி வைத்து, டியூட்டியில் இருந்த நானே லைன் போட்டுக் கொடுத்தேன். ஆபரேட்டர் கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"எப்ப வாரீக?" என்றார் சம்பந்தி, உப்புக்காரர். குரல் ஒன்றும் கடுமையாக இல்லை.

"அதான் கெளம்பியாச்சே. பெட்டி முன்னாடியே போயிட்டுது," என்றார் நம்மவர்.

பெட்டி என் சமையலறை வாசலில் இருந்தது. உப்புக்காரருக்கு என்ன தெரியும்? பெட்டி ரயிலில் போட்டாயிற்று, ஆட்கள் பின்னாலேயே வருகிறார்கள் என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். மறுநாள் காலையில் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வாடகைக் கார் பிடித்துத் தூத்துக்குடி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். ரயில் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், இவர்கள் இல்லை. அதற்கு மறுநாளும் போனார்கள். வீட்டில் இலை போட்டுச் சமையல் செய்து வைத்துக் காத்திருந்தார்கள். பெற்றவர்கள் வருகிறார்கள் என்று அந்தப் பெண் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு மாடி ஜன்னலிலேயே நின்றதாம்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து மருந்துக்கடைக்குக் கால் வந்தது, வடிவக்காதான் போய் எடுத்தார். இந்தத் தடவை மாமியார்க்காரி. நாங்கள் என்ன இளிச்சவாயர்களா, இனி உங்கள் வீட்டு ஆள் வந்து என் மாமனார் படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் பெண் வெளியே வரும், இல்லாவிட்டால் பிரசவமும் இங்கேதான், எதுவானாலும் இங்கேதான் என்று வைத்துவிட்டாள். 'எதுவானாலும்' என்ற அந்தச் சொல்லில் வடிவக்கா இடிந்து உட்கார்ந்துவிட்டார். சார் என்ன செய்தார் தெரியுமா? சம்பந்தி வீட்டில் பேச்சில் பண்பு போதாது என்றார். ரோமாபுரியில் விருந்தாளிக்கு எப்படி மரியாதை செய்தார்கள் என்று ஆரம்பித்தார். நான் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனேன். என்ன மனிதர் ஐயா இவர்.

அவமானப்பட வேண்டியிருக்குமே என்ற பயம் சேர்ந்துகொண்டதும் பல்லிகளுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. எட்டாம் மாதம் போனது. இரட்டை மாதத்தில் அழைத்து வரக்கூடாது என்றார், அது ஒரு மாதத்துக்குத் தாங்கியது. ஒன்பது பிறந்தது. பெட்டி என் சமையலறையைக் கடந்து, கொல்லைப்புறக் குளியலறைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் தெற்கே போக வேண்டுமானால் அடுத்த தெரு டைலர் கோதண்டபாணி வீட்டுக்குத்தான் போக வேண்டும். சார் அங்கேயும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவர் இடமில்லை என்றுவிட்டாராம்.

வடிவக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "அங்கன போய் என்னன்னு கேக்க?" என்றார் என்னிடம்.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. சின்னப்பர் ரோமாபுரி போய்ச் சேருகிற கட்டம். நான் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். செபஸ்தியம்மா எனக்கு முன் வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

சார் அன்றைக்கு ரோமர்களின் மூடநம்பிக்கையில் ஆரம்பித்தார். மாதப் பிறப்புக்கு மறுநாள் அவர்களுக்குக் கரிநாளாம், பயணம் போக மாட்டார்களாம். கப்பலேறும்போது எவனாவது தும்மினால் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சர்க்காரே ஆள் வைத்திருந்ததாம். "இவ்வளவு பெரிய ராஜ்யத்தை ஆண்டவர்கள், காக்காயைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள்," என்று சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லையா? சத்தியமாகத் தெரியவில்லை. அதுதான் அவரிடம் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு குரலை இறக்கினார். சின்னப்பர் கைதியாக வருகிறார். கரையிறங்கி, அப்பியன் ரோட்டில் சிப்பாய்கள் நடத்திக்கொண்டு வருகிறார்கள். முகம் தெரியாத ஊர், என்ன தீர்ப்பு வருமோ தெரியாது. அவர் வருகிறார் என்று ரோமாபுரியில் இருந்த விசுவாசிகள் கேள்விப்படுகிறார்கள். வந்தால் வரட்டும், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் கல்ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். மூன்று சத்திரம் என்ற ஊர் வரைக்கும் சிலர், அதையும் தாண்டிச் சிலர். அவர்களைப் பார்த்த பிறகுதான் அத்தனை கஷ்டம் பட்ட அந்த மனிதருக்குத் தெம்பு வந்தது. "எதிர்கொண்டு வருவது," என்றார் சார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதைவிடப் பெரிய தர்மம் உலகத்தில் இல்லை."

செபஸ்தியம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் குத்திக்காட்டவா கேட்டாள், நிஜமாகவே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"சாரு, ஒண்ணு கேக்கறேன். அவுங்கல்லாம் நல்ல நேரம் பாத்துகினா கெளம்புனாங்க?"

"அன்பு இருக்கிறவனுக்கு நேரம் காலம் எதற்கம்மா," என்றார் சார்.

கொட்டகையே கை தட்டிற்று. நான் தட்டவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு மேல் இருக்கும், நான் மதிய டியூட்டி என்பதால் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தது. ஒரு கையில் ரெக்ஸின் பை. செருப்பு காலில் ஏறாத அளவுக்குப் பாதம் வீங்கி, செருப்பையும் கையிலேயே பிடித்திருந்தது. கிட்ட வந்த பிறகுதான் முத்துலட்சுமி என்று தெரிந்தது.

மாப்பிள்ளைப் பையன் முந்தின நாள், அம்மாவுக்குத் தெரியாமல் இவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் ரயிலேற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறான். ராத்திரி முழுக்க மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தே வந்து, எழும்பூரில் பஸ் பிடித்து, லஸ் முனையில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சி. நான் செம்பைப் போட்டுவிட்டு ஓடிப் பையை வாங்கினேன். வடக்குப் போர்ஷன் வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார், கையில் பேப்பரோடு.

மகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசல்படியில் காலை வைக்கப் போனவளை ஒரு கையை நீட்டி மறித்தார்.

"ராகுகாலம்மா. ஏழரையிலேர்ந்து ஒம்பது. வயித்துப் பிள்ளையோட மொதமொத வார, இந்த நேரத்துல நுழையக் கூடாது. ஒன்னோட நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஒம்பது அடிச்சதும் ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடச் சொல்லுதேன். அதுவரைக்கும் வெளிய செத்த நில்லு."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "நான் வந்த நேரம் சரியில்லப்பா. நீங்க நல்ல நேரமாப் பாத்து வந்திருக்கலாம்லா."

சார் கையை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து வடிவக்கா வந்தார். மகளைப் பார்த்தார், வாசலை அடைத்து நின்ற கையைப் பார்த்தார். அந்தக் கையைத் தூக்கிவிட்டு, அதற்கடியில் குனிந்து வெளியே வந்தார். மகள் தோளை அணைத்துக்கொண்டு நேராக என் போர்ஷனுக்குள் அழைத்து வந்துவிட்டார். "ஏட்டி, எங்க போற, ராகுகாலத்துல," என்று பின்னால் சார் கூப்பிட்டார். அக்கா திரும்பவில்லை.

என் கட்டிலில் அவளைப் படுக்க வைத்துக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். ரெண்டு இட்லி தின்றுவிட்டு அவள் தூங்கினாள். வடிவக்கா கொல்லைப்புறம் போய், குளியலறைச் சுவரோடு கிடந்த பெட்டியின் பூட்டை அம்மிக் குழவியால் ஒரே போடு போட்டு உடைத்தார். சாவி சார் இடுப்பில் இருந்தது. ஏழாம் மாதத்துக்கென்று உள்ளே வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்களை எடுத்துக்கொண்டு வந்து, தூங்குகிற பெண்ணின் கைகளில் ஒவ்வொன்றாகப் போட்டார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

ஒன்பது மணிக்குச் சார் ஆரத்தித் தட்டைத் தானே கரைத்து எடுத்துக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றதாகப் பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. மாப்பிள்ளை தந்தி கண்டதும் ஓடி வந்து பார்த்தான், கூடவே மாமியார்க்காரியும் வந்துவிட்டாள். வைத வாய் எல்லாம் பிள்ளையைக் கண்டதும் அடங்கிப்போயிற்று. செபஸ்தியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வார்டுக்கு வந்து, "கொயந்தே இன்னா அயகா கீது பாரு," என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். சார் வரவில்லை. தீட்டு என்றார். தீட்டுக் கழிந்த பிறகும், பிள்ளையின் நட்சத்திரம் தாத்தாவுக்கு ஆகாது போலிருக்கிறது, கணித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். டுடோரியல் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு மட்டும் தவறாமல் போய் வந்தார்.

பிள்ளையும் தாயும் என் போர்ஷனில்தான் இருந்தார்கள், வடிவக்காவும். ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தோம். காற்றுக்காக வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தேன். சார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், தம் வாசலுக்குத் திரும்பாமல், என் வாசலுக்கு நேரே வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். கழுத்து நீண்டதே தவிர கால் நகரவில்லை. வடிவக்கா தலை நிமிரவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்த கை மட்டும் நின்றுவிட்டது. அந்த மனிதர் உள்ளே வந்துவிட்டால் வடிவக்கா எல்லாவற்றையும் மறந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை நாளும் அதற்காகத்தான் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துலட்சுமிதான் பேசினாள். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, அவர் பார்க்கிறாற்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"உள்ள வாங்கப்பா. உங்க மூக்குத்தான் இவளுக்கு. வந்து வாங்கிக்கிடுங்க."

சார் முகம் கோணிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் தளும்பியது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். பிறகு இடது கையைத் திருப்பி மணியைப் பார்த்தார்.

"இந்தா ஒரே நிமிசம்," என்றார். "பஞ்சாங்கத்த மட்டும் ஒரு பார்வ பாத்துட்டு ஓடியாந்துடுதேன்."

காலை எடுத்துக்கொண்டு தம் வீட்டுக்குப் போனார். உள்ளே விளக்கு எரிந்தது. பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது எனக்கு. முத்துலட்சுமி பிள்ளையை ஏந்தியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வடிவக்கா எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"பச்ச ஒடம்பு," என்றார் என்னிடம். "காத்து படப்பிடாது."